மரமேறி சுடலைமுத்து சொன்ன ஒரு பொய்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை என் சட்டைப்பையில் போன் விடாமல் அடித்தது. எடுக்க முடியவில்லை. முருகன் அயினி மரத்தின் உச்சியில் இருந்தான். அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை என் கையில். அவன் இறங்கிய பிறகுதான் எடுத்தேன். அவனுடைய தந்தை சுடலைமுத்து அண்ணன் காலமாகிவிட்டார்.

சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டங்களில் அவரை அறியாதவர்கள் குறைவு. மழைக்கு முன்பு நிழல்மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது அவர் தொழில். கவாத்து என்போம். இருபது ஆண்டுகள் அவர் மேலே, நான் கீழே. "செடிக்குப் பாதி வெயிலு, பாதி நெழலு. கூட வெட்டுனா கருகிரும், கொறச்சு வெட்டுனா அழுகிரும்" என்பார். அவர் வெட்டிய கிளை ஒரு செடியின் மேலும் விழாது. ஒருமுறை மேற்பார்வையாளர் மரத்தை மொட்டையடிக்கச் சொன்னபோது, அண்ணன் அரிவாளை அவரிடமே நீட்டி, "நீங்களே ஏறுங்க சார்" என்றார். எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிளையில் அரிவாள் பட்டதும் மலைத்தேனீக்கள் கிளம்பின. அண்ணன் விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. பார்க்க வந்த எல்லோரிடமும், "நாந்தான் கயித்த விட்டுட்டு ஓடுலேன்னு சொன்னேன். அவனும் சாகணுமாக்கும்?" என்றார். படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அதையே சொன்னார். அதை நம்பித்தான் முருகன் தன் கயிற்றை என்னிடம் தந்தான்.

அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. "இறக்குலே, இறக்கு!" என்றுதான் கத்தினார். நான் கயிற்றை விட்டுவிட்டு ஓடையை நோக்கி ஓடினேன்.

நாங்கள் இருவரும் தனியே இருந்தபோது ஒருநாள் அந்தப் பேச்சை எடுத்தேன். "பேசுனா காலு வந்திருமா?" என்றார். பிறகு, "முருகன் ஏறாம வீட்ல அடுப்பு எரியாது. அவனுக்குக் கீழ நீ நில்லு. இனிமே நீ ஓட மாட்டே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் அதிகம் பேசவில்லை.

அடக்கம் முடிந்த மாலையில், அவர் மனைவி பேச்சியம்மாள் மதினி என்னைத் தனியே அழைத்தார்.

"கொழுந்தனாரே, அவுக சொன்னது நெசந்தானா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். மதினி, பக்கத்து வீட்டார் பாலில்லாமல் போட்டுவந்த கட்டன்காப்பியை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

அண்ணே, உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் காலம் போய்விட்டது. நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சேருங்கள்.

மதினிக்கு எழுத்துத் தெரியாது. முருகா, இதை நீதான் உன் அம்மாவுக்கு வாசித்துச் சொல்ல வேண்டும்.