கரையாத கல்கண்டு

அப்பா அப்போது நகரசபையில் தற்காலிகத் துப்புரவு வேலையில் இருந்தார். விடியுமுன் போய்விட்டு வந்து பகலில் தூங்குவார். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களுக்கு ஒற்றை அறைதான். ஆகவே நாலு வயதுக்குள் நான் மூன்று வித்தைகள் கற்றிருந்தேன்: சத்தமில்லாமல் சிரிப்பது, தட்டை ஓசையின்றிக் கீழே வைப்பது, தும்மலைப் பாவாடைக்குள் புதைப்பது.

அம்மாவுக்குச் சுக்குக் கிடங்கில் வேலை கிடைத்ததும் என்னை அங்கன்வாடியில் விட்டாள். அவள் திரும்பி நடந்ததும் என் உதடு பிதுங்கியது. டீச்சர் என் கையில் ஒரு கல்கண்டை வைத்து, "கரயல்லே மோளே, அம்ம இப்போ வரும்" என்றார்.

மலையாளத்தில் 'கரயல்லே' என்றால் 'அழாதே'. எங்கள் வீட்டுத் தமிழிலோ உப்பும் சர்க்கரையும்தான் கரையும். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: கல்கண்டு கரையக் கூடாது; கரையாதிருந்தால் அம்மா வருவாள்.

உள்ளங்கை வியர்த்தது. கை மாற்றினேன். ஊதினேன். கை கழுவச் சொல்வார்கள் என்று கஞ்சிக்குப் போகவில்லை. அழவுமில்லை, கண்ணீரும் தண்ணீர்தானே. கடைசியில் பாவாடை நுனியில் முடிந்துகொண்டேன். மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். கிடங்குக்குத் திடீரென்று லாரி வந்துவிட்டதாம்; அம்மா எல்லாருக்கும் பிந்தி, தலையெல்லாம் தூசியோடு ஓடி வந்தாள்.

"எந்து நல்ல குட்டியா! ஒட்டும் கரஞ்ஞில்ல" என்று, நான் கொஞ்சமும் அழாததை டீச்சர் மெச்சினார்.

நான் முடிச்சை அவிழ்த்தேன். ஓரம் மட்டும் மழுங்கியிருந்தது. "ஆமாம்மா, கரையவே இல்ல. பாரு."

விஷயம் விளங்க அம்மாவுக்குச் சற்று நேரமானது. "அட பைத்தியமே! வாயில போடுடி."

"வேண்டாம். நாளைக்கும் நீ வரணும்ல?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சுக்குத் தூசி போலிருக்கிறது, ஊதிவிடட்டுமா என்று கேட்டேன்.

அப்பாவின் வேலை நிரந்தரமாகி, பகல் ஷிப்டும் இரண்டு அறை வீடும் வந்தபின் தம்பி பிறந்தான். அம்மா வேலையை விட்டிருந்தாள். அவனை அங்கன்வாடியில் விட்ட அன்று அதே டீச்சர் தந்த கல்கண்டை அவன் கடித்து விழுங்கிவிட்டு, இன்னொன்று கேட்டு வீறிட்டான். "சேச்சியைக் கண்டு படிக்கடா" என்று, அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி டீச்சர் என்னைக் காட்டினார்.

அம்மா மட்டும் அழாதிருக்கும் அந்தச் சாமர்த்தியத்துக்காக என்னை ஒருநாளும் மெச்சியதில்லை. தம்பி தெருவே கேட்க அழும்போது, பாட்டுக் கேட்பதுபோல நின்று கேட்பாள். அழுகிற பிள்ளையிடம் அப்படி என்ன ஆசை என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.