பழையது என்றால் அரிசியல்ல

சுங்கை சோவிலிருந்து வந்த லோரிக்காரர் வண்டியை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டார். தேவசகாயம் கிராணி அங்கே தன் தங்கை வீட்டில் இருமி இருமியே போய்விட்டாராம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசில் அவர் கணக்கு எழுதும் சின்னக் கிராணி, தோட்டத்துச் சேவை மன்றத்தின் செயலாளர். நான் தோட்டப் பள்ளி ஆசிரியை, அதே மன்றத்தின் உறுப்பினர். அவரை அறிந்தவர்களுக்கு என் கோபத்தை விளக்க வேண்டியதில்லை. அறிந்தும் வாயை மூடிக்கொண்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் சாந்தமானவர் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். நல்ல கதை! மூக்குக்கு மேல் கோபம் வரும் மனிதர் அவர். மன்றக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குப் போடும் காலைச் சாப்பாட்டை ஒருவர் வாய்தவறி 'தர்மச் சோறு' என்று சொல்லிவிட்டார். தேவசகாயம் மேசையைத் தட்டி எழுந்துவிட்டார். "நம்ம பிள்ளைங்களுக்கு நாம போடுறதுக்குப் பேரு தர்மமா? சோறுன்னு சொல்லு லா" என்றார். அன்று முழுக்க அந்த ஆளோடு அவர் பேசவில்லை.

மலாயாவில் அவசரகாலத்தின் கெடுபிடி உச்சத்தில் இருந்த நேரம் அது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. அரிசி காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம், அதனால் வீட்டில் ஒரு பிடி வைத்திருந்தாலும் குற்றம். பொது அடுப்பில் வடித்துச் சோறாகத்தான் அளந்து தந்தார்கள். தாய்மார்கள் விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் வெறும் வயிற்றோடு கிடந்து கத்தும். தேவசகாயம் லயம் லயமாக ஏறி இறங்கினார். சாயங்காலச் சோற்றில் ஆளுக்கு ஒரு கை வாங்கி, கொட்டகைப் பானைகளில் தண்ணீர் ஊற்றி வைக்க ஏற்பாடு செய்தார். காலையில் உப்பும் வெங்காயமும் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் பழையது கிடைத்தது. அழுகைச் சத்தம் நின்றது. மன்றம் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

பிறகு அரையாண்டுக் கூட்டம் வந்தது. தலைவர் எங்கள் பெரிய கிராணி. விருந்தாளியாக வெள்ளைக்காரப் போலீஸ் இன்ஸ்பெக்டரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். மன்றத்தின் முன்னேற்றத்தைத் தலைவர் ஆங்கிலத்தில் முழங்கினார். வாசகசாலை, தையல் வகுப்பு என்று அடுக்கிக்கொண்டே போய், கொட்டகையில் தினமும் 'ஓல்டு ரைஸ்' சேர்த்துவைக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார். நமக்குச் சோறு வேறு, அரிசி வேறு. மலாய்க்காரர்களுக்கும் நாசி வேறு, பெராஸ் வேறு. வெள்ளைக்காரனுக்கு இரண்டும் ரைஸ்தான். பழைய அரிசியைப் பதுக்கிவைக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் புரிந்துகொண்டார்.

கூட்டம் முடிந்ததும் அவர் ஒரு மலாய்க் கான்ஸ்டபிளோடு நேரே கொட்டகைக்குப் போனார், நாங்களும் பின்னால் ஓடினோம். பிள்ளைகள் காலையிலேயே சாப்பிட்டாயிற்று, பானைகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. இருந்த அரிசி எங்கே போயிற்று, காட்டுக்கா என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். கொட்டகை ஆயா சுவரோடு ஒட்டி நின்றார். தேவசகாயம் ஆயாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"நான்தான் செயலாளர். என்னைக் கேளுங்க. அது பிள்ளைங்க வயித்துல இருக்கு."

நான் அந்தக் கான்ஸ்டபிளிடம், அது பெராஸ் இல்லை, நாசி என்று சொன்னேன். அவருக்கு உடனே புரிந்தது. பாவம், இன்ஸ்பெக்டரிடம் எடுத்துச் சொல்லியும் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தலைவரைத் திரும்பிப் பார்த்து, நீர் சொன்னது அரிசிதானே என்று கேட்டார். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். துரைமார் முன்னால் தன் ஆங்கிலம் தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். தேவசகாயத்தை லோரியில் ஏற்றினார்கள். அவரைத் தடுப்புக்காவலில் போட்டார்கள். மறுநாளே கொட்டகைப் பானைகளையும் எடுத்துப் போய்விட்டார்கள். பிள்ளைகள் மறுபடி கத்தத் தொடங்கின.

அவர் திரும்பி வந்தபோது நெஞ்சு முழுக்கச் சளி. வேலை இல்லை, வீடு இல்லை, மன்றத்தில் பெயரும் இல்லை. தோட்டத்துக்குள் விடவில்லை என்பதால் கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்தில்தான் அவரைப் பார்த்தேன். தலைவர் வந்து பார்த்தாரா என்று கேட்டேன். "அவரு எப்படி வருவாரு டீச்சர்? அவருக்கு இங்கிலீஷ் பெருசு" என்றார். சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டார். கொட்டகையில் இப்போது பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்றுதான் அடுத்துக் கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அரையாண்டுக் கூட்டம். அதே தலைவர். கெடுபிடி தளர்ந்து, பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு மறுபடி தொடங்கியிருக்கிறது. அதைத் தம்முடைய திட்டம் என்று கூசாமல் வாசித்தார். கைதட்டினார்கள். கடைசியில், மறைந்த நம் முன்னாள் செயலாளருக்காக எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம் என்றார். எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

"இவருக்காக நீங்க அன்னைக்கே மௌனமா நின்னுட்டீங்க தலைவரே. இன்னைக்காவது வாயத் தொறந்து சொல்லுங்க, அது சோறுன்னு."

யாரும் உட்காரவில்லை. தலைவர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து கொட்டகை ஆயாதான் சொன்னார், "சோறுதான்யா அது." அப்புறம் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள்.

தேவசகாயம் கிராணியின் சட்டையோ படமோ என்னிடம் கிடையாது. அவருடைய கோபம் இருக்கிறது. அதை நான் ஆறவிட மாட்டேன்.