ஆம், இல்லை மட்டும் கேட்ட படிவம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் கடைசியில், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய தகரக் கொட்டகை ஒன்றில் நடந்தது இது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களுக்கு அரிசி, பருப்பு கொடுக்க ஒரு தொண்டு அமைப்பு தொழிலாளர்களின் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தது. கணினியில் நிரப்பும் பதிவுப் படிவத்தை ரூபி என்ற நிரல் மொழியில் எழுதிக் கொடுத்தவன் நான்.

எந்தக் கட்டத்தில் எந்த வகைத் தகவலை ஏற்கலாம் என்று சரிபார்க்க ரூபியில் ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, உண்டு. எழுத்து, முழு எண், தசமம், தேதி, ஆம்-இல்லை என்று வகைகள். 'தகவல் இல்லை' என்பதையும் அது ஏற்கும். நாம் அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். வெற்றுக் கட்டங்கள் பட்டியலைக் கெடுக்கும் என்று நான் எங்கும் அனுமதிக்கவில்லை.

கடைசி நாள் மதியம் உப்பு வாரும் பெண் ஒருவர் வந்தார். முழங்கால் வரை உப்பு வெளுத்திருந்தது. பெயர், வயது எல்லாம் ஏறின. கணவர் உயிருடன் இருக்கிறாரா என்ற கட்டத்தில் படிவம் நின்றது. ஆறு வருடம் முன்பு கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவர். பிறகு செய்தியே இல்லை. "தெரியலங்க" என்றார் அந்தப் பெண். காலியாக விட்டால் படிவம் ஏற்கவில்லை. 'ஆம்' என்றால் கணவரின் ஆதார் எண்ணைக் கேட்டது; அது அவரிடம் இல்லை. கணினியில் டைப் செய்துகொண்டிருந்த தொண்டு அமைப்புப் பெண் 'இல்லை' என்று போட்டாள். ஏறிவிட்டது.

அச்சிட்டு, வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும் என்பது விதி. "கணவர் உயிருடன் இல்லை" என்று அவள் வாசித்ததும், உப்பு வாரும் பெண்ணின் மை தடவிய விரல் தாளுக்கு மேலேயே நின்றது.

"அத யாரும்மா சொன்னது?"

"சும்மா கம்ப்யூட்டருக்குத்தாங்க்கா. அரிசி வாங்கணும்ல."

"அந்தாளு எங்கருக்கான்னு எனக்கே தெரியல. உங்க கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிடுச்சா?"

வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியேறினார்.

நிரலில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே வரி. பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டு வரப்பில் ஓடினேன். அவர் பாத்தியில் இறங்கி உப்பு வாரத் தொடங்கியிருந்தார். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடலாம், வந்து ஒரு கைநாட்டு வையுங்கள் என்றேன். அவர் நிமிரவில்லை.

"நீங்க அழிச்சிடுவீங்க சார். நான் காதால கேட்டுட்டேன்ல."

ஐந்து மணிக்குப் பட்டியலை மூடினோம். அதில் அவர் பெயர் இல்லை. அந்த மழைக்காலம் அந்த வீட்டில் எப்படிக் கழிந்தது என்று விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் வகை எழுதுமுன் என் கை ஒரு கணம் நிற்கிறது. அப்படி நிற்பதால் அந்த ஒரு வாக்கியம் அவர் காதிலிருந்து திரும்பிவிடப் போவதில்லை.