ஒன்றரை அடி வடகிழக்கே

காலிதீன் காக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். முடிந்ததா என்று நீங்களே பாருங்கள்.

நில அளவைத் திணைக்களத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். சேர்வேயர் இல்லை. சேர்வேயர் கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்க்கும்போது தூரத்தில் கம்பு பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். ஆனால் கல்முனைத் தெருவில் அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் இலங்கையை அளந்து முடித்ததே அவர்தான் என்று தோன்றும். ஓய்வு பெற்ற பிறகும், யார் மதில் கட்டினாலும் போய் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "கோணல்" என்று சொல்லிவிட்டு வருவார். அனேகமாகக் கோணலாகத்தான் இருக்கும். எங்களுக்கு எரிச்சல் அதில்தான்.

நாலு வருடத்துக்கு முன் விதுசா மிஸ் வந்தார். பல்கலைக்கழகத்தில் புவிப்பௌதிகவியல் ஆய்வு செய்பவர். செய்மதிகளிலிருந்து வருகிற சமிக்ஞையைப் பிடித்து, தான் நிற்கிற இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லும் கருவி ஒன்றை வைக்க அவருக்கு மறைப்பில்லாத ஒரு வீட்டு வளவு தேவைப்பட்டது. நம்பிக்கையான காவலாளும் தேவைப்பட்டார். ஊரே காலிதீன் காக்காவைக் காட்டியது. எங்கள் மண்ணில் மூன்றடி தோண்டினால் தண்ணீர். அதனால் ஒரு கொங்கிறீட் கட்டையை மேலாகவே புதைத்து, அதன் மேல் கருவியைப் பூட்டினார்கள். பார்க்கச் சோற்றுப்பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது.

அன்று மிஸ் எங்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். நாம் நிற்கிற தரை ஒரு பெரிய தட்டு. இந்தியாவும் நாமும் அதே தட்டில். அது வருடத்துக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது. அங்கே சுமாத்திராப் பக்கம் அடுத்த தட்டோடு மோதி இறுகுகிறது. அந்த இறுக்கம் ஒரு நாள் அவிழ்ந்ததில்தான் 2004இல் கடல் எங்கள் தெருக்களுக்குள் வந்தது.

"அப்ப அடுத்தது எப்ப மிஸ்?" என்று கேட்டோம்.

"அத ஒருத்தராலயும் சொல்ல ஏலா" என்றார். அதோடு ஊருக்கு அந்தக் கருவியில் இருந்த ஆர்வம் போய்விட்டது.

காலிதீன் காக்காவுக்கு மட்டும் போகவில்லை. தினமும் தூசு துடைத்தார். ஆடு கட்ட விடவில்லை. தகர வேலியிலிருந்து சரியாக இரண்டடியில் கட்டை நிற்கிறதென்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் நாடா பிடித்துக் காட்டினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நாச்சியா. காக்காவின் மனைவி முனவ்வறாவின் தங்கை. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். தாயின் வளவு பெண்மக்களுக்குப் பிரிந்து போகும். அதனால் எல்லைச் சண்டை என்று வந்தால் அது எப்போதும் அக்கா தங்கைக்கு நடுவில்தான்.

காக்காவின் மகள் றுஸ்தாவுக்கு இஹ்ஸானைப் பேசி முடித்தார்கள். வீட்டுக்கு மேல்மாடி எழுப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் தாய் வந்து பார்த்தார். படி வீட்டுக்குள்ளால் போகக் கூடாது, வெளியால் தனியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சம்பந்தம் சரிவராது என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார். நிக்காஹ்வுக்கு இரண்டு மாதம். மேசன் அளந்து பார்த்தார். வெளிப்படி வைக்க இன்னும் ஒன்றரை அடி வேண்டும்.

மதினி நாச்சியாவிடம் போய்க் கேட்டிருக்கலாம். இருபத்தெட்டு வருடம் மற்றவர்களுக்கு எல்லை காட்டிய மனிதர், மனைவியின் தங்கையிடம் நிலம் கேட்பதா? அவருக்கு அது வாயில் வரவில்லை. பதிலாக ஒரு கணக்கு வந்தது. வேலி வீட்டுக்கு வடகிழக்கில். பூமியும் வடகிழக்கே போகிறது. தான் கொஞ்சம் முந்திப் போனால் என்ன பாவம்?

ஒரு வியாழக்கிழமை நாச்சியா வீட்டார் நெல் வெட்டுக்கு வரிப்பத்தான்சேனைக்குப் போயிருந்தார்கள். காக்கா இரண்டு கூலியாட்களைப் பிடித்து, வேலியை ஒன்றரை அடி தள்ளி நட்டார். அதோடு விட்டிருந்தால் ஒரு திருட்டு, அவ்வளவுதான். ஆனால் அவர் அளவைக்காரர் அல்லவா? வேலிக்கும் கட்டைக்கும் இரண்டடி என்பது ஊருக்கே தெரிந்த அளவு. அந்த அளவு பிசகலாமா? அலவாங்கு போட்டு நெம்பி, கருவியோடு சேர்த்துக் கட்டையையும் ஒன்றரை அடி நகர்த்தினார். நாடா பிடித்துப் பார்த்தார். இரண்டடி. மனம் குளிர்ந்தது.

மறுநாள் மிஸ் தொலைபேசியில் பதறிக்கொண்டு கேட்டார், அங்கே ஏதும் நடந்ததா என்று. "ஒண்டும் நடக்கல்ல மிஸ்" என்றார் காக்கா.

நாச்சியா திரும்பி வந்து வேலியைப் பார்த்தாள். நேரே பள்ளிவாசல் சபைக்கு வந்துவிட்டாள். நான் அந்தச் சபையின் செயலாளர். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு விசாரணை வைத்தோம். காக்கா நாடாவோடு வந்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"கட்டயில இருந்து இரண்டடி. அளந்து பாருங்க. கட்ட என்டயில்ல, பல்கலைக்கழகத்துட. நம்பாட்டி அந்த மிஸ்ஸக் கூப்பிடுங்க."

சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் ஆட்டினேன்.

மிஸ்ஸைக் கூப்பிடத் தேவை இருக்கவில்லை. அவரே வளவுக்கு வந்து காக்காவைத் தேடி, அங்கிருந்து பள்ளிவாசலுக்கு வந்து, மடிக்கணினியும் கையுமாக வாசலில் நின்றார். ஒரு வாரம் தூங்காத முகம். திரையைத் திருப்பிக் காட்டினார். நாலு வருடமாக ஒரு கோடு சீராக ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் திடீரென்று ஒரு படி.

"முதல்ல பூமி நடுக்கமெண்டு நினைச்சிட்டன். மற்ற ஊரில உள்ள கருவியெல்லாம் பாத்தன், ஒண்டும் அசையல்ல. இது மட்டும் நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் போயிருக்கு. வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கும் பதினொண்டுக்கும் இடையில."

பூமி ஒன்பது வருடத்தில் போகிற தூரத்தைக் காலிதீன் காக்கா ஒரு முற்பகலில் போயிருந்தார்.

யாரோ சிரித்தார்கள். காக்காவின் முகம் கறுத்தது. ஆனாலும் விடவில்லை.

"பூமி வடகிழக்க போகுதெண்டு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?"

"ஓம் காக்கா, போகுது. நாச்சியாட வளவும் சேந்துதானே போகுது."

காக்கா கம்பு பிடித்த காலத்தில் ஒரு தரமாவது கோணலாகப் பிடித்தார் என்று யாரும் சொன்னதில்லை. இனி அந்தக் காலத்தையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள். அது அவருக்கும் விளங்கியது. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, இரக்கமும் வந்தது, இரண்டில் எது கூட என்று தெரியவில்லை. பெண்கள் பக்கத்தில் றுஸ்தா அழுகிற சத்தம் கேட்டது.

தலைவர் தீர்ப்பைச் சொல்லத் தொடங்கினார். வேலியைப் பழைய இடத்தில் நட வேண்டும் என்றார். நாச்சியா எழுந்தாள்.

"வேண்டாம். றுஸ்தா என்ட மடியில வளந்த புள்ள. அந்த ஒண்டர அடிய அவட பேருக்கே எழுதித் தாறன். ஆனா மச்சான் என்னட்ட கேக்கோணும். எல்லாரும் இரிக்கிற இந்த இடத்திலயே கேக்கோணும்."

இருவருக்கும் நடுவில் ஆறடி இருக்கும். காலிதீன் காக்கா அதைக் கடந்து போக நேரம் எடுத்தது. நாடாவைச் சுருட்டினார், மறுபடி விரித்தார், மறுபடி சுருட்டினார். கண் நிறைந்து தாடியில் வழிந்தது, துடைக்கவில்லை.

"மதினி" என்றார். "ஒண்டர அடி தருவியா?"

"ஓம் மச்சான்" என்றாள் நாச்சியா. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். "இதயே வேலிய நகத்த முந்தி, புதன்கிழம வந்து கேட்டிருந்தா, தேத்தண்ணியும் ஊத்தித் தந்திருப்பன்."