மனுவின் முன்பக்கம்

பதினொரு வயதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. தமிழ்த்தினப் போட்டியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியிருந்தேன். அந்த மழைக்காலத்தில், மண்மேட்டை ஒட்டிய சித்தி வீட்டுப் பின்சுவர் வெடித்தபோது, தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு மனு எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசி ஒற்றையறைக் காம்பராவில் சித்தி தனியாக இருந்தாள். என் கையைப் பிடித்து வெடிப்புக்குள் விட்டுக் காட்டினாள். உள்ளே ஈரமண் தட்டுப்பட்டது.

"செவுரு வெடிச்சிருச்சு, பயமா இருக்கு, வேற காம்பரா குடுங்கன்னு எழுதுடி. அது போதும்" என்றாள்.

மாமாவுக்கு அது போதவில்லை. அவரிடம் ஒரு பழைய மனுவின் நகல் இருந்தது. லயத்து மனுக்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும். "தொரைக்கு எழுதுறப்ப எடுத்த எடுப்புல கேக்கக் கூடாது. மொதல்ல மரியாத" என்றார். எனக்கும் அதுதானே வேண்டும். மகா கனம் பொருந்திய துரை அவர்களின் திவ்விய சமூகத்திற்கு, அடியாள் சிரம் தாழ்த்தி... எழுத எழுத வாயில் வெல்லம் கரைந்தது. போதாததற்குக் 'கருணைக் கடலே', 'ஏழை பங்காளரே' என்று நானும் சேர்த்தேன். வணக்கத்திலேயே தாளின் முன்பக்கம் தீர்ந்துவிட்டது. சுவர் வெடித்ததைப் பின்பக்கத்தில் எழுதினேன். வாசித்துக் காட்டியதும் சித்தி, "ஒண்ணும் வெளங்கல. ஆனா நல்லாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டாள்.

துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர்தான் வாசித்துச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். அவர் எதுவரை வாசித்தாரோ, என்ன சொன்னாரோ. மூன்றாம் நாள், ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி மனுவை மாட்டியிருந்தார்கள். துரைக்கு ரொம்பச் சந்தோஷம் என்று கிளாக்கர் மாமாவிடம் சொன்னாராம். லயமே பூரித்துப்போனது. துரையே பலகையில் போட்ட பிறகு காம்பரா கிடைக்காமலா போகும்? நெருக்கிக் கேட்பது மரியாதை இல்லை என்றார் மாமா. சித்தியும் சாமான்களை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அதுவரை எங்களோடு வந்து இரு என்று அம்மா கூப்பிட்டதற்கு, "இன்னும் ரெண்டு நாளுதானக்கா" என்றாள்.

அப்படிச் சொன்ன இரண்டாம் நாள் பகலில் மேடு சரிந்தது. காய்ச்சல் என்று சித்தி அன்றைக்குக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. மண்ணை வெட்டி அவளை எடுக்கச் சாயங்காலமாகிவிட்டது. மூட்டைகள் வாசலோரம் கட்டியபடியே இருந்தன.

கருமாதி அறிவித்தல் எழுதவும் மாமா என்னையே கூப்பிட்டார். 'சிவலோகப் பதவி எய்தினார்' என்று எழுதினேன். நாசமாய்ப் போன கை. அதில் ஒரு பிரதியை ஆபீசில் கொடுக்கப் போனபோது, மனு இன்னும் பலகையில் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தேன். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அந்தத் தாளைத் திருப்பி ஒருவரும் வாசிக்கவில்லை என்பது அன்றைக்கும் எனக்கு உறைக்கவில்லை.