ஒன்பதாம் எண் ஆம்ப்ளிபயர்

நான் செய்கிற ஆம்ப்ளிபயர் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிறிய வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கும். அதில் எண், முடித்த தேதி, அதற்குக் கீழே ‘சோதித்தது’ என்று ஒரு சொல். அதே எண்ணுக்கு என் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. டிரான்ஸ்பார்மர் எந்தக் கிழமை, எந்தக் கடையில் கிடைத்தது, என்ன எடை, சூட்டை இழுத்து வெளியே விடும் ஹீட்சிங்க் எதிலிருந்து கழற்றியது, எத்தனை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கப்பல் வந்த நேரம், கட்டிய நேரம், கிளம்பிய நேரம் என்று எழுதியே பழகிய கை. வீட்டுக்கு வந்தாலும் அது சும்மா இருக்காது.

ஒன்பதாம் எண்ணுக்கும் பத்தாம் எண்ணுக்கும் டிரான்ஸ்பார்மர்கள் ஒரே நாளில், ஒரே கப்பலிலிருந்து வந்தன.

புது டிரான்ஸ்பார்மர் கடையில் கிடைக்காமல் இல்லை. செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பியைச் சுற்றி விற்கிறார்கள். அரை மணி நேரம் பாட்டுக் கேட்டால் தோசைக்கல் மாதிரி சுடும். அதனால்தான் என்னைப் போன்றவர்கள் பழைய சாமானைத் தேடிப் போகிறோம். செத்துப்போன யுபிஎஸ், பழைய ஸ்டெபிலைசர், வெல்டிங் பெட்டி எல்லாவற்றிலும் ஏதாவது தேறும். ஹீட்சிங்கை நகத்தால் சுண்டிப் பார்க்க வேண்டும். மட்டமான வார்ப்பு ‘டொக்’ என்று நின்றுவிடும். நல்ல அலுமினியத்தில் ஓசை கொஞ்ச நேரம் நீளும். எல்லாவற்றுக்கும் மேலானது கப்பல் சாமான். தாராளமாகச் செம்பு போட்டிருப்பார்கள். மெட்ராஸ் பக்கம் இந்த மாதிரிக் கடைகளைக் காயலான் கடை என்பார்கள். காயல்பட்டினம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பதாலோ என்னவோ, இங்கே அது வெறும் பழைய இரும்புக் கடைதான்.

துறைமுகம் போகிற சாலையில் எனக்கு வாடிக்கையான கடை ஒன்று உண்டு. ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அலுவலகம் விட்டு அங்கே போனேன்.

“வாங்க சார்வாள்,” என்றார் கடைக்காரர். “இன்னைக்கு எதைத் தட்டிப் பாக்கப் போறீங்க? தேங்கா வாங்குத மாதிரி அம்புட்டையும் தட்டிட்டு, சும்மால்லா போவீங்க.”

“நல்லது இருந்தா வாங்க மாட்டனா அண்ணாச்சி?”

“அங்கன சாக்குக்கு அடியில பாருங்க. ஒடச்ச கப்பல்ல கெடந்தது. ரெட்டப்பிள்ள.”

சாக்கை விலக்கினேன். சாம்பல் பச்சைப் பெயின்ட் அடித்த இரண்டு டிரான்ஸ்பார்மர்கள், அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. பக்கவாட்டில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு தகடு. ஒன்றைத் தூக்கியபோது தோள்பட்டை இறங்கியது. அந்த எடையிலேயே என் மனம் விழுந்துவிட்டது. போல்ட்டுத் தலைகளில் உப்புப் பூத்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன், போய்விட்டது. அருகிலேயே கப்பலின் ரேடியோ அறையிலிருந்து வந்த நீளமான ஹீட்சிங்குகள் நான்கு கிடந்தன. சுண்டினேன். ஓசை நீண்டது.

எடை போட்டுக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: “சார்வாள், ஒண்ணு சொல்லுதேன். இது எத்தன நாளு தண்ணிக்குள்ள கெடந்துச்சோ எனக்குத் தெரியாது. காயில் கட்டுத கடையில குடுத்து, சூட்டுல காய வச்சு, வார்னிஷுல முக்கி எடுத்துட்டு மாட்டுங்க.”

“பார்த்தா புதுசு மாதிரி இருக்கே.”

“பொணத்துக்குக் கூடத்தான் பவுடர் போடுதாங்க.”

சிரித்தேன். அன்றே அதை நோட்டிலும் எழுதினேன்: ‘கடைக்காரர் வார்னிஷ் போடச் சொன்னார்.’ எழுதியதோடு சரி. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற அந்தக் காயில் கடையில் கொடுத்தால் பத்து நாளுக்குமேல் ஆகும். எனக்கு அந்த ஞாயிறே வேலையைத் தொடங்க வேண்டும். கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள காப்பு எவ்வளவு தாங்கும் என்று அளக்கிற மெகர் என்னிடம் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு சீரிஸ் பல்பு. கரன்ட் இரும்புக்குக் கசிந்தால் அது எரியும்; மாட்டிப் பார்த்தேன், எரியவில்லை. ஆவணி வெயிலில் எந்தக் காயிலும் உலர்ந்துதான் இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. காகிதத்தில் ‘சோதித்தது’ என்று எழுதினேன்.

பத்தாம் எண் என் வீட்டுக் கூடத்துக்கு. ஒன்பதாம் எண், அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்கு. அவர் கடற்கரைத் தெருக்காரர். தெருமுனையில் அவர்களுக்கு ஒரு குருசடி, சிலுவை நட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில், உண்டு. செபம் சொல்வதும் பாடுவதும் அவருடைய மனைவிதான். உதடு மைக்கில் ஒட்டத்தான் அந்தப் பெண் பாடுவார். தள்ளி நின்று பாடினால் பாதியைக் கடல் தின்றுவிடும் என்பார். சிமென்ட் தரை. செருப்போடு யாரும் உள்ளே வர மாட்டார்கள்.

பெட்டியைக் கொண்டுபோய் வைத்து, பாட்டுப் போடும் பிளேயரையும் மைக்கையும் இணைத்ததும் ஸ்பீக்கரில் ஓர் உறுமல் கேட்டது.

“என்ன சார், மாதா முன்னால மாடு கத்துத மாதிரி இருக்கு?” என்றார் அந்தப் பெண்.

“கப்பல் சாமான்லா,” என்றார் நண்பர். “ஹார்பருக்குள்ள நுழையும்போது ஊதத்தான் செய்யும்.”

காரணம் எனக்குத் தெரியும். பெட்டியில் கசிகிற கரன்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி பிளேயரிலும் உண்டு, ஆம்ப்ளிபயரிலும் உண்டு. இரண்டு வழியாக எர்த் சுற்றிவந்தால் உறுமும். முறையாகச் சரிசெய்ய அரை நாள் பிடிக்கும். இன்னொரு வழி இருக்கிறது. ஆம்ப்ளிபயரின் பிளக்கைத் திறந்து, பச்சைக் கம்பியை வெட்டிவிட்டேன். சட்டென்று உறுமல் நின்றது. அலைச்சத்தம் கேட்டது. அந்தப் பெண் ஒரு பாட்டில் நாலு வரி பாடினார்; குரல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அன்றைய குறிப்பு: ‘எர்த் எடுக்கப்பட்டது. உறுமல் இல்லை.’

இந்தத் தவறை எங்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். வயரிங் செய்கிற எலெக்ட்ரீஷியனுக்கு அந்த உறுமல் ஒரு பொருட்டே இல்லை. பாட்டுக் கேட்கிறவர்களுக்கு எர்த் எதற்கென்று தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள்தான் காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று கம்பியை வெட்டுகிறோம்.

முத்துக்குளிப்பைப் பற்றிய பழைய குறிப்புகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்தக் காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் வேலை. அவர் கட்டிவிட்டதாகச் சொன்னால்தான் ஆட்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு மூழ்குவார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் மூழ்கினவர்களைப் பற்றியே நினைத்திருக்கிறேன். கரையில் இருந்தவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று கார்த்திகை வரை எனக்குத் தோன்றவில்லை.

கார்த்திகை அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நான்கு நாளாக விடாத மழை. சுவரில் கை வைத்தால் ஈரம். தர்ப்பணம் முடித்து, ஈர வேட்டியோடு கூடத்துக்கு வந்து, பத்தாம் எண்ணை ஓடவிடலாம் என்று முகப்பில் கை வைத்தேன். உள்ளேயிருந்து யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. கை தானாக உதறிக்கொண்டது. தோள் வரை மரத்துப்போனது.

குதிகால் வலிக்காக வீட்டுக்குள் எப்போதும் ரப்பர் செருப்புப் போடுகிறவன் நான். வேலை மேசைக்குக் கீழேயும் ரப்பர் விரிப்புதான். தர்ப்பணம் செய்கிற நாளில் மட்டும் வெறுங்கால். அதுவும் அன்று ஈரக்கால்.

இரும்பிலேயே கரன்ட் இருக்கிறது என்றால் டிரான்ஸ்பார்மரின் காப்பு போய்விட்டது. பத்தாம் எண்ணில் எர்த் கம்பியை நான் வெட்டவில்லையே, பிறகு ஏன் அடித்தது என்று ஒரு கணம் தோன்றியது. பிளக் சரியாக உட்காரவில்லை போல என்று விட்டுவிட்டேன். ஏனென்றால் இதன் இரட்டை குருசடியில் இருந்தது. அதற்கு எர்த் கம்பியே கிடையாது. அன்றுதான் அங்கே நவநாள் என்கிற ஒன்பது நாள் செபத்தின் தொடக்கம். பன்னிரண்டு மணிச் செபத்துக்கு அந்தப் பெண் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று மைக்கில் உதட்டை வைப்பார். மணி பதினொன்று பத்து.

நண்பருக்குப் போன் செய்தேன். அன்று அவருக்குத் துறைமுகத்தில் வேலை, எட்டவில்லை. மறுபடியும் எட்டவில்லை. நோட்டில் டிரான்ஸ்பார்மரின் எடை கிராம் வரை இருந்தது. அந்தப் பெண்ணின் நம்பர் இல்லை. பத்தாம் எண்ணின் பிளக்கைக்கூடப் பிடுங்காமல், மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு அப்படியே ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

தெருக்களில் கணுக்கால் தண்ணீர். கடற்கரைக்கு மூன்று தெரு இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு நடந்தேன். ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. செபத்துக்கு முன்னால் ஏதோ பாட்டைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் கேட்கிற வரைக்கும் பரவாயில்லை என்று எண்ணிக்கொண்டே தள்ளினேன். இரண்டாவது தெரு திரும்பும்போது, ஒரு வரியின் நடுவில், குரல் நின்றது.

காத்திருந்தேன். மழைச் சத்தம் மட்டும்தான். வண்டியை அங்கேயே சுவரில் சாய்த்துவிட்டு ஓடினேன்.

அவர் குருசடிக்குள் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் காப்பி டம்ளர், இன்னொரு கையில் மைக். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“என்ன சார், இப்படி நனைஞ்சு ஓடியாரீங்க? கப்பல் எதுவும் முங்கிட்டா?”

“மைக்கைக் கீழ வைங்க.”

“காப்பி குடிச்சிட்டு...”

“முதல்ல மைக்கை வைங்கம்மா.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்தார். நான் பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதுதான் மைக்கைக் கவனித்தேன். அதைச் சுற்றி ஒரு கைக்குட்டை கட்டியிருந்தது.

“அதைச் சொல்லுதீங்களா?” என்றார் அவர். “ரெண்டு நாளா லேசா கடிக்கி சார். அதான் லேஞ்சியச் சுத்தி வச்சிருக்கேன்.”

லேஞ்சியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

“கடிச்சா ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?”

“நீங்கதான் பின்னால எழுதி ஒட்டியிருக்கீயளே, சோதிச்சதுன்னு. மழைன்னா எல்லாந்தான் கடிக்கும். எங்க வீட்டுக் கிரைண்டர் கடிக்கலையா?” கீழுதட்டைத் தொட்டுக் காட்டினார். “இங்கன சுருக்குங்கும். பாட்டுல கவனமா இருந்தா தெரியாது.”

அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிளக்கை மறுபடியும் மாட்டி, மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியிலும் இன்னொன்றை ஈரத் தரையிலும் வைத்தேன். நூற்று எண்பத்து நான்கு என்று காட்டியது. அவர் எட்டிப் பார்த்தார்.

“வீட்டுக்கு வார கரண்டு எவ்வளவு சார்?”

“இருநூத்தி முப்பது.”

நான் பிளக்கைப் பிடுங்கியதும், மைக்கிலிருந்து லேஞ்சியை அவிழ்த்து, பிழிந்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அன்னைக்கு மாடு கத்துதுன்னு சொன்னீங்களே,” என்றேன். “அதை நிறுத்துறதுக்காக எர்த் கம்பியை வெட்டுனது நான்தான்.”

“அப்பவே சொல்லியிருந்தா, மாடு கத்திட்டுப் போகட்டும்னு விட்டிருப்பம்லா,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிச் செபத்தை மைக் இல்லாமலே சொன்னார். நான் வெளியே கூரைத் தண்ணீருக்குக் கீழே நின்றேன். கடலும் மழையும் போக எனக்குக் கேட்டது கொஞ்சம்தான்.

செபம் முடிந்த பிறகு, அடுத்த பெட்டியையாவது ஒழுங்காக மாட்டலாம் என்று குருசடிக்குப் பின்னால் இருந்த எர்த் குழியைப் பார்க்கப் போனேன். சுவரிலிருந்து இறங்கிய கம்பி மண்ணுக்குள் போயிருந்தது. உறுதியாக இருக்கிறதா என்று லேசாக இழுத்தேன். வந்துவிட்டது. பச்சை பூத்த ஒரு சாண் கம்பி, நுனியில் சிவந்த சேறு. கீழே இருந்த இரும்புக் குழாயை உப்பு மண் எப்போதோ தின்று முடித்திருந்தது.

“எத்தனை வருஷமா இப்படி?” என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்?” என்றார் அந்தப் பெண். “மேல கம்பி தெரிஞ்சுச்சு. கீழயும் இருக்குன்னு நெனச்சோம்.”

பச்சைக் கம்பியை நான் வெட்டாமல் விட்டிருந்தாலும் இந்தப் பெட்டி கடித்திருக்கும். அது புரிந்தபோது எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆனால் அது அதிக நேரம் நிற்கவில்லை. எர்த் கம்பி வெட்டாத பத்தாம் எண்ணும் காலையில் என்னை அடித்தது நினைவுக்கு வந்தது. பிளக் சரியாக உட்காரவில்லை என்று விட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஒன்பதாம் எண்ணை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, வண்டியைத் தள்ளியும் ஓட்டியும் வீடு வந்து சேர்ந்தேன். எங்களுடையது பழைய வீடு. கரன்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்சு எல்லாம் கிடையாது. கூடத்துக்குப் போகாமல் நேராகக் கொல்லைக்குப் போனேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எர்த் குழி. கட்டிய வருடத்தை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அதைத் தோண்டிப் பார்த்ததில்லை.

குனிந்து, பிளாஸ்டிக் பையை மடித்துப் பிடித்து, கம்பியை இரண்டு விரலால் இழுத்தேன். மறுப்பே இல்லாமல் வந்தது. பத்தாம் எண்ணில் கசிகிற கரன்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல், அதே எர்த் கம்பியில் சேர்ந்திருக்கிற வீட்டு இரும்பு எல்லாவற்றுக்கும் வந்திருக்கும்.

உள்ளே வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றதும் துணியை எடுக்க மனைவி மூடியைத் திறப்பாள். “அதைத் தொடாதே,” என்று சொல்லிக்கொண்டே இரும்புப் பெட்டிக்குள் இருந்த மெயினை அணைக்க நடந்தேன். வேட்டி நனைந்திருந்தது. காலில் செருப்பு இல்லை.