ரோசி பால் கொடுத்த சாயங்காலம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுகிறவள் நான். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரிக்கிறவரை விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடச் சொல்லி, மாமியாரிடம் பேச்சு வாங்குகிறவள். இவளா இப்படிப் பேசுகிறாள் என்று நீங்கள் என்னைப் பார்ப்பது தெரிகிறது. பார்த்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அது யுத்த காலம். தூத்துக்குடியில் பெட்ரோல் கிடைக்காமல் மாமனாரின் கார் கொட்டகையிலேயே நின்றது. கப்பல்களுக்கு அரிசி, பருப்பு, காய்கறி ஏற்றிவிடுவதுதான் எங்கள் குடும்பத் தொழில். கடைக்கும் துறைமுகத்துக்கும் நாளெல்லாம் அலைச்சல் என்பதால், மாமா ஒரு குதிரை வண்டியையும் ரோசி என்ற பழுப்புக் குதிரையையும் வாங்கினார்கள். வாங்கும்போதே ரோசி சினை; நானும் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. அது குட்டி போட்ட அதே வாரத்தில் எனக்குத் துரை பிறந்தான். "எங்க வீட்டுல ரெண்டு பிள்ளத்தாச்சிக்கும் ஒரே அடுப்புலதாம்லே பத்தியம்" என்று என் வீட்டுக்காரர் துறைமுகமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

குட்டி புறவாசலில் கட்டாமல்தான் திரியும். துரையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினால் அது வந்து வெந்நீர்ப் பானையில் மூக்கை விடும். எனக்குப் பயமாக இருக்கும்; விரட்டவும் மனசு வராது.

ஒருநாள் காலையில் ரோசியை வண்டியில் பூட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்குப் போயிருந்தார். குட்டி காலையெல்லாம் துள்ளிக்கொண்டிருந்தது. மத்தியானம் பார்க்கிறேன், வேப்பமர நிழலில் படுத்துக் கிடக்கிறது. தூங்குகிறது என்றுதான் நினைத்தேன். கண்ணில் ஈ உட்கார்ந்தும் இமை அசையவில்லை.

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கினார், ஒவ்வொரு காலாகத் தடவினார். கடி இல்லை, நுரை இல்லை, வீக்கம் இல்லை. "எல்லாஞ் சரியாத்தான் இருக்கு. உசிருதான் இல்ல" என்றார். நான் ஓடிப்போய்த் தொட்டிலுக்குள் கையை விட்டேன். துரை மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"அவ வாரதுக்குள்ள அடக்கம் பண்ணிரணும். பெத்தவ மொகத்தப் பாக்கக்கூடாது" என்றார்கள் அத்தை. கைக்குழந்தை தவறினால் தாய்க்குக் காட்டாமல் எடுத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பார்த்துவிட்டால் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். மனுஷிக்குச் செய்வதை அத்தை குதிரைக்கும் செய்தார்கள். பிரியத்தில்தான். உப்பளத்துக்கு அப்பால் மணல்மேட்டில் குழி வெட்டி மூடிவிட்டு வந்தார்கள்.

ரோசி திரும்பி வந்து லாயத்தைப் பார்த்தது. வேப்பமரத்தடிக்குப் போய் மண்ணை மோந்தது. அதற்குப் பிறகு கனைத்த கனைப்பு இருக்கிறதே, தெருவில் யாருக்கும் சோறு இறங்கியிருக்காது. புல் தின்னவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. பால் கட்டி மடி கல்லாகிவிட்டது. நானும் பால் கொடுக்கிறவள். அந்த வலி எனக்குத் தெரியும். தொடப் போனவர்களையெல்லாம் உதைத்தது.

ஊருக்குப் போயிருந்த வண்டிக்காரர் சவரி திரும்பி வந்ததும் தலையில் கை வைத்தார். "யாரும்மா இந்த வேலயப் பாத்தது? தாய்க்குதிர மோந்து பாத்து, அதுவா விலகிப் போவணும்லா! இல்லாட்டி தேடித் தேடியே செத்துரும்."

"ஏலே சவரி, மணப்பாட்டுல திருவிழாச் சோத்தத் தின்னுபோட்டு இங்கன வந்து ஞாயம் பேசுதியோ?" என்ற அத்தை, அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சவரி கறக்கப் போய் அவரும் உதை வாங்கினார். மடியில் சீழ் வைத்துவிட்டால் குதிரை பிழைக்காது என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார்.

எனக்கோ வேறு பயம். ஒரே வாரத்தில் பிறந்த இரண்டில் ஒன்று காரணமே இல்லாமல் போய்விட்டது. அப்படியானால் மற்றதுக்கு மட்டும் என்ன காப்பு? தண்ணீரில் ஏதாவதா, காற்றில் ஏதாவதா, நான்தான் எதையாவது கவனிக்காமல் விட்டேனா? துரை தூங்கினால் அவன் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே இருப்பேன்.

"ஏளா, நீயெல்லாம் படிச்சவதானா? குதிர வேற, பிள்ள வேற" என்றார் என் வீட்டுக்காரர். தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மறுநாள் சாயங்காலம், விளக்கு வைக்கிறதற்கு முன்னால், துரையை இடுப்பில் வைத்துக்கொண்டு கருப்பட்டி கரைத்த ஒரு வாளித் தண்ணீரோடு லாயத்துக்குப் போனேன். அதையாவது குடிக்குமா என்று ஒரு ஆசை. படலைத் திறந்தபோது ரோசி மூக்குக்குள்ளேயே குறுகுறுவென்று ஒரு சத்தம் போட்டது. குட்டியைக் கூப்பிடும்போது மட்டும் போடுகிற சத்தம். ஒரு பின்னங்காலைத் தள்ளி வைத்தது. கழுத்தைத் திருப்பி, தன் வயிற்றோரம் ஒன்றுமில்லாத இடத்தை மெதுவாக நக்கத் தொடங்கியது.

அப்புறம் எனக்குக் கேட்டது, சப்பிக் குடிக்கிற சத்தம். நீங்கள் நம்பவேண்டாம். தினமும் என் மடியில் கேட்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? ரோசியின் மடி என் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. நுரைத்த பால் இரண்டு சொட்டு வைக்கோலில் விழுந்தது. துரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, வெந்நீர்ப் பானைக்குக் குட்டி வரும்போது சிரிப்பதுபோலச் சிரித்தான். எனக்குப் பயம் வரவில்லை. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல நின்றேன்.

சத்தம் நின்றது. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது: படலை அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன். தொடை உயரத்தில் வெதுவெதுப்பாக ஒன்று என் சேலையை உரசிக்கொண்டு போனது. ரோசியின் கண்கள் அதன் பின்னாலேயே போயின. தெருப்பக்கம் இல்லை. முற்றத்தைத் தாண்டி, எங்கள் வீட்டுப் புறவாசல் கதவுக்கு. பிறகு உடம்பை ஒருமுறை உதறிவிட்டு, குனிந்து வாளித் தண்ணீரை உறிஞ்சிக் குடித்தது.

விளக்கோடு வந்த சவரி மடியைத் தொட்டுப் பார்த்தார். "யாரும்மா கறந்தது?"

"அது குடிச்சிட்டு" என்றுதான் என் வாயில் வந்தது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அன்று ராத்திரி, துரையின் மூக்கடியில் விரல் வைக்காமல் தூங்கினேன். ரோசியும் பிழைத்துக்கொண்டது.

துரை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ரோசி அதற்குப் பிறகு குட்டியே போடவில்லை. பால் வற்றி வருஷங்கள் ஆகின்றன. போன மாதம் துரை மாடிப்படியில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஓவென்று அழுதான். லாயத்திலிருந்து சவரி என்னைக் கூப்பிட்ட குரலே சரியாக இல்லை. போய்ப் பார்த்தேன். ரோசி எங்கள் வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்று குறுகுறுத்துக்கொண்டிருந்தது. அதன் மடியிலிருந்து வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே துரை அழுகையை நிறுத்துகிறவரைக்கும்.